சாரலும் தேரியும்

வாசுதேவநல்லூரில் நமக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ரெவினியூ இலாகாவில் முப்பது வருஷத்துக்கு மேல் உத்தியோகம் பார்த்து, தாசில்தாராக ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர் தானே தவிர, அவருடைய பேச்சிலுள்ள சர்வே நம்பரும் அடங்கலும் இன்னும் ஓய்வு பெறவில்லை. சென்ற ஆடி மாதம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காப்பி சாப்பிட்டுக் கொண்டிருந்த போது தான் இந்தப் பிரயாணத்துக்கு வித்து விழுந்தது.

நண்பருடைய புதல்வன் அமெரிக்காவில் அரிஸோனா மாகாணத்தில் வேலையாயிருக்கிறான். விடுமுறைக்கு வந்திருந்த அந்தப் பிள்ளை தன் கைப்பேசியை நம்மிடம் நீட்டி வரிசையாகப் படங்களைக் காட்டினான். கொலராடோ நதி யுக யுகமாகப் பாறையை அறுத்து உண்டாக்கிய மகா பள்ளத்தாக்கின் படங்கள் அவை. 446 கிலோமீட்டர் நீளம். சில இடங்களில் 29 கிலோமீட்டர் அகலம். ஒரு மைலுக்கு மேல் ஆழம். மாலை வெயிலில் அந்தப் பாறைச் சுவர்கள் பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் போலச் சிவந்து நின்றன. பிள்ளையாண்டான் சிநேகிதர்களோடு ஆறு நாள் மோட்டாரில் சுற்றி, முதுகிலே தண்ணீர்ப் பையைக் கட்டிக் கொண்டு, அந்தப் பாலைவனப் பள்ளத்தாக்குகளில் இறங்கி நடந்தானாம். கடைசிப் படத்தைக் காட்டி விட்டு, "நம் பக்கத்திலே இந்த மாதிரி ஒன்றுமே இல்லையே, மாமா!" என்று ஒரு பெருமூச்சு விட்டான்.

நமக்கு ரோஷம் வந்து விட்டது. பெண்ணையாறு மலையைப் பிளந்து கொண்டு ஓடும் கண்டிக்கோட்டையைப் பற்றி எடுத்துச் சொன்னோம். அது கடப்பை ஜில்லாவில் அல்லவா இருக்கிறது, இங்கிருந்து காரில் போய் வர எத்தனை நாள் ஆகும் என்று அவன் கேட்டான். நாம் விழித்தோம். அப்போது காப்பி டம்ளரை எடுக்க வந்த நண்பருடைய மனைவி, "ஏன், எங்க ஊர்ப் பக்கம் தேரிக்காடு இருக்கே! அதைக் கொண்டு போய்க் காட்டுங்களேன்" என்றார். அந்த அம்மாளுக்குப் பிறந்த ஊர் உடன்குடிக்குச் சமீபம்.

"தேரியா? அங்கே என்ன இருக்கிறது? அவ்வளவும் தீர்வை ஏற்படாத தரிசு" என்றார் நண்பர்.

இப்படிச் சொன்னவருக்குத் தண்டனையாக, அவருடைய காரிலேயே மறுநாள் புறப்படுவதென்று தீர்மானமாயிற்று. நண்பர், அவர் மனைவி, புதல்வன், காரோட்டி, நாம் ஆக ஐந்து பேர்.

விடியற்காலையில் கிளம்பும்போதே ஊருக்கு மேற்கே மலை தெரியவில்லை. மேகம் இறங்கி, தலையணைப் பக்கம் முழுவதும் வெண்படுதா போட்டாற்போல் இருந்தது. சிந்தாமணிநாதர் கோவில் வாசலில் ஒரு கும்பிடு போட்டு விட்டு, கோட்டை இருந்த பக்கமாகப் போனோம். பூலித்தேவருடைய மண் கோட்டை அது. நெற்கட்டும்செவல் பாளையக்காரரான அவர் 1755-ல் கர்னல் ஹெரான் படையோடு வந்து கேட்டபோது கப்பம் கட்ட மறுத்ததையும், பிறகு பல வருஷம் கும்பெனிப் படைகளோடு போராடியதையும் நேயர்கள் அறிவார்கள். 1767-ல் டொனால்ட் காம்ப்பெல் என்னும் தளகர்த்தன் இந்தக் கோட்டையை முற்றுகையிட்டான். பீரங்கிக் குண்டு உடைத்த இடத்தையெல்லாம் உள்ளேயிருந்தவர்கள் பனந்தடியாலும் வைக்கோலாலும் அடைத்து அடைத்துத் தாக்குப் பிடித்தார்கள். கடைசியில், கொட்டுகிற மழையின் மறைவில் மேற்கு மலைக்கு வெளியேறிப் போனார்கள். அன்று அவர்களைக் காத்தவை மண்ணும் பனையும் மழையுந்தான். இதை நாம் சொன்னபோது பிள்ளையாண்டான் கவனமாகக் கேட்டான். நண்பர் அந்த இடத்தின் சர்வே நம்பர் என்னவென்று யோசித்துக் கொண்டிருந்தார்.

புளியங்குடியில் எலுமிச்சம்பழ மூட்டைகள் ஏறிக் கொண்டிருந்த லாரிகளைத் தாண்டி, கடையநல்லூர் வழியாகத் தென்காசி சேர்ந்தோம். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியர் எழுப்பிய விசுவநாதர் ஆலயத்தில் ஒரு விசேஷம் உண்டு. ராஜகோபுர வாசலில் நுழைகிறவர்களைக் காற்று எதிரே வந்து தள்ளும். ஆடி மாதத்தில் கேட்க வேண்டியதேயில்லை. நண்பருடைய மேல்வேஷ்டி பறந்து போய், பின்னால் வந்த ஒரு பாட்டியம்மாளின் தலையில் முக்காடாக விழுந்தது.

இந்தக் காற்று எங்கிருந்து வருகிறதென்று தெரிந்து கொண்டால் தான் மேலே நாம் சொல்லப் போகிற சமாசாரம் விளங்கும். ஆனி ஆடி மாதங்களில் அரபிக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து கொண்டு தென்மேற்குக் காற்று வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்கிறது. மலையின் மேல் ஏற ஏறக் காற்று குளிர்ந்து, சுமந்து வந்த ஈரத்தைக் கேரளத்துப் பக்கத்திலேயே பெரும்பாலும் கொட்டி விடுகிறது. ஆனால், மலைச் சுவரில் இங்கொன்றும் அங்கொன்றுமாக வாசல்கள் உண்டு. செங்கோட்டைக் கணவாய் ஒன்று. தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் ஒன்று. அந்த வாசல்களில் நுழைகிற காற்று, வாசலுக்கு இந்தப் பக்கம் நாலு மைல் மட்டும் சாரலாகத் தூவி விட்டு, மிச்சமுள்ள ஈரமும் தீர்ந்தபின் வறண்டு, வேகம் மட்டும் குறையாமல் கிழக்கே ஓடுகிறது. நாலு மைல் தூவுகிற அந்தச் சாரலுக்குத் தான் குற்றாலம் என்று பெயர்.

குற்றாலத்தைப் பற்றி நாம் ஒன்றும் எழுதப் போவதில்லை. எழுதியவர்கள் ஏராளம். பேரருவியில் தலையைக் கொடுத்து அரை மணி நேரம் நின்றோம். பிறகு அகோரப் பசியோடு இட்டிலி சாப்பிட்டோம். அவ்வளவுதான். ஆனால், அருவியின் கீழ் நின்று உடம்பெல்லாம் நடுங்கிய போது, இனி ஒரு நாளும் தாகம் என்பதே நமக்கு வராது என்று ஒரு நினைப்பு உண்டாயிற்று. அதன் பலனை மறுநாள் அனுபவித்தோம்.

தென்காசிக்குக் கிழக்கே பாவூர்ச்சத்திரம் தாண்டியதும் சாரல் நின்றது. ஆலங்குளத்துக்குப் போவதற்குள் சாலையோரத்துப் புளிய மரங்களில் புழுதி படிந்திருந்தது. இரு புறத்திலும் காற்றாலைகளின் மூன்று கைகள் சுழன்று கொண்டிருந்தன. உழுது போட்ட செம்மண் வயல்களிலிருந்து காற்று கைகையாக மண்ணை அள்ளி, கிழக்கு நோக்கித் தூற்றியது. "பாரடா, வாசுதேவநல்லூர் மண் போகிறது!" என்றார் நண்பர் வேடிக்கையாக. அவர் வேடிக்கையாகச் சொன்னது பெரும்பாலும் சாஸ்திரம். பல்லாயிரம் வருஷங்களாகத் தென்மேற்குக் காற்று இந்தச் சமவெளியிலுள்ள இரும்புச் சத்து மிகுந்த செம்மண்ணை வாரிக் கொண்டு போய், கடற்கரைக்கு அருகில் போட்டிருக்கிறது. கடல் ஒதுக்கிய மணலும் அதனோடு சேர்ந்து குன்று குன்றாய்க் குவிந்திருக்கிறது. அந்தக் குன்றுகள் தாம் தேரி. குற்றாலத்துக்கு நீரைக் கொடுத்து விட்டு, அதே காற்று திருச்செந்தூர்ச் சீமைக்கு மணலைக் கொடுத்திருக்கிறது என்று சொன்னால் அதிகத் தவறில்லை.

திருநெல்வேலியில் இரவு தங்கினோம். மறுநாள் அதிகாலையில் காயாமொழிப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். தினத்தந்தியை நிறுவிய ஆதித்தனார் பிறந்த ஊர் அது. அதற்கு அப்பால் குதிரைமொழித் தேரி விரிகிறது. காப்புக் காடாகையால் வன இலாகாவினரிடம் அனுமதி பெற்றுத் தான் உள்ளே போக வேண்டும். நண்பர் பழைய உத்தியோகஸ்தரல்லவா? காகிதங்களெல்லாம் மூன்று பிரதிகளில் தயாராக இருந்தன. தண்ணீர்ப் பாத்திரத்தை மட்டும் காரிலேயே விட்டு விட்டு, ஆளுக்கு ஒரு சிறு சீசாவோடு நடக்கத் தொடங்கினோம்.

முதலில் உடை மரங்களும் முந்திரி மரங்களும் தென்பட்டன. முந்திரியை அந்தப் பக்கத்தார் கொல்லாமரம் என்கிறார்கள். பிறகு மரங்கள் விலகின. ஒரு மேட்டின் மேல் ஏறி நின்றோம். பிள்ளையாண்டான் தன்னையறியாமல் இங்கிலீஷில் ஏதோ சொன்னான். கண்ணுக்கெட்டிய தூரம் குங்குமத்தைக் கொட்டிப் பரப்பினாற்போல் சிவந்த மணல். அதில் காற்று வகிர்ந்து விட்ட அலை அலையான வரிகள். ஆங்காங்கே தனித்து நிற்கும் பனைகள். கிழக்கே வெகு தூரத்தில் கடல் ஒரு நீலக் கோடாகத் தெரிந்தது. அரிஸோனாவில் நிறம் பாறையிலிருக்கிறது. இங்கே ஒவ்வொரு மணலுக்கும் இரும்புத் துரு மேற்பூச்சுப் போட்டிருக்கிறது. வித்தியாசம் அவ்வளவு தான்.

ஆனால், நடப்பதற்குச் சுகமான இடம் மேடு அல்ல, பள்ளம். மேட்டுக்கு மேடு நடுவில் மழைத் தண்ணீர் அறுத்துக் கொண்டு போன ஓடைப் பள்ளங்கள் இருக்கின்றன. ஒன்றில் இறங்கினோம். இரு பக்கமும் ஆள் உயரம், சில இடங்களில் இரண்டாள் உயரம் செம்மண் சுவர். மேலே இருந்த பனையின் வேர்கள் நரைத்த தாடியைப் போல் சுவரில் தொங்கின. காற்றின் இரைச்சல் தலைக்கு மேலே போய்க் கொண்டிருந்தது. பள்ளத்துக்குள் நம் மூச்சு நமக்கே கேட்டது. தண்ணீர் இங்கே வேலை செய்யுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் 2023 டிசம்பரை நினைத்துக் கொள்ள வேண்டும். அந்த மாதம் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. கொலராடோ நதி லட்சக்கணக்கான வருஷங்களில் செய்வதை இந்த மணலில் அப்படிப்பட்ட ஓர் இரவு செய்து காட்டி விடும்.

இப்படி மனிதர்கள் நடப்பதும் நேற்று ஏற்பட்ட பழக்கமல்ல. இந்தத் தேரிகளில் வெள்ளைக் கல்லிலும் சிக்கிமுக்கிக் கல் போன்றவற்றிலும் செதுக்கிய, விரல் நகம் அளவேயான கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. ஸாய்னர், ஆல்ச்சின் என்னும் இரு அறிஞர்கள் 1956-ல் அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார்கள். உலோகம் அறியாத காலத்து வேடர்கள் இங்கே கூடாரமடித்திருக்கிறார்கள். நமக்கு நேர் மூத்த காலமும் உண்டு. குலசேகரன்பட்டினம் உப்பளத்தில் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் ஒருவர் கொல்லப்பட்ட 1942-ஆம் வருஷத்து வழக்கில், காசிராஜன், ராஜகோபாலன் என்னும் இரு வாலிபர்களுக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். தேசம் முழுதும் கிளர்ச்சி எழுந்து அது நிறைவேறாமற் போயிற்று. அந்த நாட்களில் போலீஸார் இந்தப் பனங்காடுகளை எப்படிச் சலித்தார்கள் என்று நண்பருடைய மனைவி தம் பாட்டனார் வாயால் கேட்டதைச் சொல்லிக் கொண்டே வந்தார்.

கதை சுவாரஸ்யத்தில் திரும்பும் பள்ளத்தைத் தவற விட்டோம்.

மேலே ஏறிப் பார்த்தால் நாம் வந்த கால் தடம் ஒன்றுகூட இல்லை. காற்று மெழுகி விட்டிருந்தது. மணி பத்து ஆகியிருந்தது. மணல் செருப்பைத் தாண்டிச் சுட்டது. சீசாக்கள் எப்போதோ காலி. பிள்ளையாண்டான் கைப்பேசியை எடுத்தான். அதில் ஒரு மஞ்சள் வெளியும், வெளியின் நடுவில் நாம் இருப்பதாக ஒரு நீலப் பொட்டும் தெரிந்தன. சற்று நேரத்தில், சூடு அதிகமாகி விட்டதென்று அறிவித்து விட்டு அதுவும் அணைந்தது. அவன் சுற்றிப் பார்ப்பதற்காக ஒரு பள்ளத்தின் விளிம்பில் காலை வைத்தான். விளிம்பு சரிந்தது. பையன் ஓராள் ஆழத்துக்கு உருண்டு, இடுப்பு வரையில் மணலில் புதைந்து நின்றான். நாம் மூன்று பேரும் இழுத்து வெளியேற்றியபோது முழங்காலில் ரத்தமும் மணலும் ஒரே நிறமாயிருந்தன. அருவியில் குளித்த நினைவு அப்போது நமக்கு வந்தது. அது ஆறுதலாக இல்லை.

நம்மில் பதறாதவர் அந்த அம்மாள் ஒருவர் தான். மூக்கை உயர்த்தி, "கருப்பட்டி காய்ச்சுற வாசம் வருது. காத்து மேக்கேயிருந்து அடிக்குது. அப்ப விடிலி மேக்க தான் இருக்கணும்" என்று சொல்லி விட்டுக் காற்றுக்கு எதிரே முகத்தை வைத்து நடந்தார். இரண்டு தாசில்தார்கள் சேர்ந்தாலும் இப்படி ஒரு உத்தரவு போட முடியாது. மறு பேச்சில்லாமல் பின் தொடர்ந்தோம். முக்கால் மணி நேரத்தில் ஓலை வேய்ந்த விடிலி தெரிந்தது.

அங்கே ஒரு பெரியவர் தளைநாரையும் முருக்குத்தடியையும் அப்போது தான் கீழே வைத்திருந்தார். நம் கோலத்தைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. ஓலைப்பட்டையில் பதநீரை ஊற்றி முதலில் அம்மாளிடம் கொடுத்தார்.

"தாயி எந்த ஊரு?"

"உடன்குடிப் பக்கந்தான், அண்ணாச்சி."

"அதான் வழி தெரிஞ்சிருக்கு."

ஆளுக்கு மூன்று பட்டை குடித்து, உயிர் வந்த பிறகு, நண்பருக்குப் பழைய பேச்சு வந்து விட்டது. "இந்தத் தரிசிலே எப்படி ஐயா பிழைக்கிறீர்கள்?" என்றார்.

பெரியவர் சிரிக்கவில்லை, கோபிக்கவுமில்லை. "தரிசுன்னு யாரு சொன்னது?" என்று கேட்டார். நண்பர் பதில் சொல்லவில்லை. பெரியவர் குனிந்து, மேலாக இருந்த சுடு மணலை இரண்டு கைகளாலும் ஒதுக்கினார். ஒரு முழம் ஒதுக்கியதும் மணலின் நிறம் கறுத்தது. "தொட்டுப் பாருங்க, ஐயா" என்றார். தொட்டுப் பார்த்தோம். சில்லென்று ஈரமாயிருந்தது. மழை பெய்து எத்தனையோ மாதமாகியிருந்தது!

விஷயம் இது தான். தேரி மணலில் விழுந்த மழை வழிந்தோடுவது கொஞ்சம். உள்ளே இறங்குவது அதிகம். மேல் மணல் சீக்கிரம் உலர்ந்து, கீழே உள்ள ஈரத்தைச் சூரியன் உறிஞ்சாதபடி மூடி போட்டு விடுகிறது. உள்ளே இறங்கிய நீர் மெள்ள மெள்ள நகர்ந்து, தேரியின் அடியோரத்திலுள்ள கிணறுகளிலும் ஊற்றுகளிலும் தலை காட்டுகிறது. அந்த நீரைக் குடித்துத் தான் பனை நிற்கிறது; பனையைக் கொண்டு தான் உடன்குடிக் கருப்பட்டி வியாபாரம் நடக்கிறது. அன்று மாலை பெரியவர் நம்மை அருஞ்சுனை காத்த ஐயனார் கோவிலுக்கு அழைத்துப் போனார். சுற்றிலும் செம்மணல், நடுவே மர நிழலில் ஒரு சுனை. ஒரு மாங்கனியை முன்னிட்டு, குற்றமற்ற பெண்ணொருத்திக்கு அரசன் ஒருவன் மரண தண்டனை விதித்தானென்றும், அவள் சாபத்தால் மண்மாரி பெய்து வளநாடு தேரியாயிற்றென்றும், இந்தச் சுனை ஒன்றை மட்டும் ஐயனார் காத்துக் கொடுத்தாரென்றும் கதை சொல்லுகிறார்கள். சாஸ்திரக்காரர்கள் காற்று என்று சொல்வதை ஜனங்கள் அநீதி என்று சொல்லியிருக்கிறார்கள். காவலுக்கு ஒரு தெய்வத்தை வைக்க வேண்டியது எது என்பதில் மட்டும் அவர்களுக்குச் சந்தேகமே ஏற்படவில்லை.

சர்க்கார் தஸ்தாவேஜிலுள்ள 'தரிசு' என்ற ஒரு சொல் எவ்வளவு தூரம் வேலை செய்யுமென்பதற்கு இந்தச் சீமையிலேயே சரித்திரம் உண்டு. தேரி மணலில் இல்மனைட் என்னும் கனிமம் கலந்திருக்கிறது. வெள்ளைச் சாயத்துக்கு வேண்டிய டைட்டானியம் டை ஆக்ஸைடு அதிலிருந்து கிடைக்கிறது. 2007-ல் டாட்டா ஸ்டீல் கம்பெனியார் சாத்தான்குளம் பக்கத்தில் சுமார் 2,500 கோடி ரூபாய் முதலில் இதற்காக ஒரு தொழிற்சாலை வைக்க ராஜாங்கத்தோடு ஒப்பந்தம் செய்தார்கள். பல ஆயிரம் ஏக்கர் நிலம் தேவைப்படும் என்றார்கள். ஊர் ஊராக எதிர்ப்புக் கிளம்பி, அந்த வருஷமே திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. தொழிற்சாலைகளுக்கு நாம் விரோதிகளல்ல. சுதேசித் தொழில் வளர வேண்டுமென்பதில் நம்மை விட ஆத்திரமுள்ளவர்கள் இருக்க மாட்டார்கள். ஆனால், மணலைத் தோண்டிச் சலித்து வெறுமையாக்கித் திரும்பக் கொட்டி விட்டால், அதற்குக் கீழே உள்ள தண்ணீர் தன் வழியை நினைவு வைத்துக் கொண்டிருக்குமா? கிணற்றுக்காரரிடம் கேட்காமல் அந்தக் கணக்கைப் போட முடியாது. குற்றாலத்து அருவிப் பாறையைக் கல்லுக்காக உடைக்கலாமா என்று ஒருவன் கேட்டால் அவனை ஊரை விட்டே துரத்துவோம். தேரியைக் கேட்டால் மட்டும், ஏக்கருக்கு என்ன விலை என்று விசாரிக்க ஆரம்பித்து விடுகிறோம். இரண்டையும் கொண்டு வந்து வைத்தது ஒரே காற்று.

நண்பர் சுனைக்கரையில் வெகு நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். "முப்பது வருஷத்திலே எத்தனையோ ஆயிரம் ஏக்கரை இந்தக் கையால் தரிசு என்று எழுதியிருக்கிறேன். ஒன்றையாவது கையால் தோண்டிப் பார்த்ததில்லை" என்றார் கடைசியில். அவருடைய மனைவி, "சரி, சரி, கால்சட்டையிலே இருக்கிற மணலை உதறிட்டு வாங்க" என்று எழுந்தார்.

விடை பெற்றுக் கொள்ளும் சமயத்தில் பெரியவர் மேற்கே திரும்பி நின்றார். பனை மட்டைகள் படபடவென்று அடித்துக் கொண்டிருந்தன. "நேத்தைவிட இன்னைக்குக் காத்து கெட்டியா இருக்கு. குத்தாலத்துல தண்ணி பலமா விழும், தம்பி" என்று பிள்ளையாண்டானிடம் சொன்னார். குற்றாலத்துக்குப் போயிருக்கிறீர்களா என்று நாம் கேட்டோம். இதுவரையில் போனதில்லை என்றார்.

திருச்செந்தூர் வந்து கைப்பேசிக்கு உயிர் வந்ததும் பிள்ளையாண்டான் தென்காசியிலுள்ள அத்தை வீட்டுக்குப் பேசினான். மத்தியானத்திலிருந்து பேரருவியில் வெள்ளம் வந்து, குளிக்க வேண்டாமென்று போலீஸார் தடுத்து விட்டார்களாம்.